மேலுதட்டில் முடி, தையில் கல்யாணம்: ஓர் ஆச்சியின் கேள்விக்குத் தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: நாங்கள் தேவகோட்டைப் பக்கம். மகளுக்கு 24 வயது. தை மாதம் கல்யாணம், இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. பேசி முடித்த அன்று மாப்பிள்ளை வீட்டு அயித்தை ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு மேலுதட்டுலயும் தாடையிலயும் முடி தெரியுது, கையிலயும் இருக்கு. கல்யாணத்துக்குள்ள லேசர் பண்ணிருங்க" என்றார்கள். காரைக்குடியில் ஒரு பார்லரில் கேட்டேன். உடம்பு முழுவதற்கும் ஆறு சிட்டிங் பேக்கேஜ் இருக்கிறது, தைக்குள் முடித்துவிடலாம், எகிப்து ராணி காலத்திலிருந்து பெண்கள் செய்வதுதான் என்கிறார்கள். என் மாமியாரோ, "எங்க காலத்துல மஞ்சளும் குப்பைமேனியும்தான். நீ பிள்ளைய கைக்குழந்தையில மாவு உருட்டிக் குளிப்பாட்டல, அதான்" என்கிறார். மகள் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக முழுக்கை சட்டைதான் போடுகிறாள். லேசர் செய்யலாமா? தப்பு என் மேல்தானா?

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிறந்த குழந்தையின் தோளிலும் முதுகிலும் இருக்கும் மெல்லிய முடி வயிற்றுக்குள்ளேயே முளைத்தது. மாவு உருட்டினாலும் உருட்டாவிட்டாலும் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும். மாவு உருட்டிய வீட்டில் மாவோடு வந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். முடிக்கால்கள், அதாவது முடி முளைக்கும் குழிகள், எல்லாம் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, உடம்பு முழுவதற்கும் சுமார் 50 லட்சம். பிறகு புதிதாக எதுவும் உண்டாவதில்லை. வயதுக்கு வரும்போது சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன், பூனைமுடியாக இருந்ததைச் சில இடங்களில் கறுத்த, தடித்த முடியாக மாற்றுகிறது. இந்த ஹார்மோன் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல, எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கிறது. எந்த முடிக்கால் அதற்கு எவ்வளவு இணங்கும் என்பது பரம்பரையாக வருவது. உங்கள் பக்கத்து, உங்கள் கணவர் பக்கத்துப் பெண்களின் முகத்தைக் கூர்ந்து பார்த்தால், மகளுக்கு இருப்பது யாரிடமாவது இருக்கும். மாமியாரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் சொல்லிவிடுங்கள். இருபத்துநான்கு வருடம் கழித்து இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்து பார்லர்காரர் சொன்ன கணக்கு. நான்கு மாதத்தில் லேசர் "முடியாது". முடி ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில ஓய்வில் இருக்கும். வளரும் கட்டத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் தாக்கும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு முறை செய்கிறோம். முகத்துக்குச் சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகும் கிடைப்பது முடி நன்றாகக் குறைவதுதான். ஒரு முடிகூட இனி வராது என்று பொறுப்புள்ள மருத்துவர் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆறு சிட்டிங்கை நான்கு மாதத்துக்குள் திணிப்பது உங்கள் முகூர்த்தத் தேதிக்குப் பொருந்தும், முடி வளரும் முறைக்குப் பொருந்தாது.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை அயித்தையும் சொல்லவில்லை, பார்லரும் சொல்லவில்லை. மகளுக்கு மாதவிடாய் சரியாக வருகிறதா? மேலுதட்டிலும் தாடையிலும் வரும் கறுத்த முடி பல பெண்களுக்கு வெறும் குடும்ப வாகுதான். சிலருக்கு அது சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ்ஸின் வெளி அடையாளம். தேதி தள்ளிப்போவது, முகப்பரு அடங்காமல் இருப்பது, உச்சந்தலையில் முடி குறைவது, கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடிப்பது, இவற்றில் ஏதாவது சேர்ந்து இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, தேவைப்பட்டால் ஸ்கேன். இரண்டு மூன்று மாதத்துக்குள் திடீரென்று முடி வந்து குரலும் கட்டையானால் கல்யாண வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே காட்ட வேண்டும், ஏனென்றால் அரிதாகச் சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம்.

நாங்கள் முடியை அளக்க ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறோம். 1961ல் லண்டனில் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் வகுத்த முறை அதற்கு அடிப்படை. மேலுதடு, தாடை, மார்பு, வயிறு என்று ஒன்பது இடங்களில் ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து நான்கு வரை போட்டுக் கூட்டுவோம். கூடுதலாக வந்தால் ஹார்மோனைத் தேடுவோம். அந்த ஒன்பது இடங்களில் முன்கை இல்லை! முன்கை முடியும் முழங்காலுக்குக் கீழே உள்ள முடியும் ஆண் ஹார்மோன் மிகுதியைக் காட்டுவதில்லை என்று அந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்கள் மகள் எதை மறைக்க முழுக்கை சட்டை போடுகிறாளோ, அது மருத்துவக் கணக்கிலேயே சேராத முடி. இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஹார்மோன் காரணம் என்று தெரிந்தால் மாத்திரை கொடுப்போம். பலன் கண்ணுக்குத் தெரிய ஆறு மாதமாவது ஆகும், ஆகவே தைக்குள் எதிர்பார்க்க வேண்டாம். இங்கே ஒரு எச்சரிக்கை. முடிக்காக அடிக்கடி எழுதப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையைக் கர்ப்பமாகும் வாய்ப்பிருக்கும் பெண் கருத்தடை இல்லாமல் சாப்பிடக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். தையில் கல்யாணம் என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. இதில் அது கூடவே கூடாது.

சரி, எகிப்து ராணி கதைக்கு வருவோம். பார்லரில் சொன்னது முழுப் பொய்யில்லை. முடி எடுக்கும் பழக்கம் மிகப் பழையது. ஆனால் யார் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எகிப்தில் கோயில் பூசாரிகள், அதாவது ஆண்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு முழுக்க மழித்தார்கள். சாமி காரியத்தில் இருப்பவர் மேல் பேனோ அழுக்கோ இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். நம் நாட்டு சுசுருத சம்ஹிதையிலும் முடி நீக்கும் முறை இருக்கிறது, ஆனால் அது புண் சிகிச்சையின் ஒரு படி. முடி மண்டிய இடத்தில் புண் சரியாக ஆறாது, கத்தி, கத்தரி, இடுக்கி கொண்டு எடு என்கிறது. கூடவே சங்குச் சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு சேர்த்து அரைத்த பூச்சையும் சொல்கிறது. அரிதாரம் ஆர்சனிக் கலந்த தாது. துருக்கிக் குளியல் மண்டபங்களில் பெண்கள் பூசிக்கொண்டதும் ஏறக்குறைய இதே அரிதாரமும் சுண்ணாம்பும்தான். கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்தால் முடியோடு தோலும் வரும்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைப் பல்லில் கடித்து முறுக்கி முகத்து முடி எடுக்கும் த்ரெடிங் அங்கே பழைய கலை. ஆனால் கன்னிப் பெண்கள் செய்துகொள்ள மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால்தான் முதன்முதலாக முகத்தில் நூல் ஓடும், அதுவே ஒரு சடங்கு. முடி இருந்த முகம் அசிங்கம் என்பதால் அல்ல, அது கல்யாணமாகாத பெண்ணின் முகம் என்பதால். அதே நாட்டில் 19ஆம் நூற்றாண்டு காஜார் அரசர்கள் காலத்து ஓவியங்களில் அழகிகளுக்கு மெல்லிய மீசை வரைந்திருக்கிறார்கள். பூத்த மீசையும் கூடிய புருவமும் அப்போது பெண்ணுக்கு அழகு. அந்த அயித்தை அந்தக் காலத்து டெஹ்ரானில் இருந்திருந்தால் உங்கள் மகளைப் பார்த்துக் கண்ணேறு கழித்திருப்பார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தலை முதல் கால் வரை பெண்ணை வருணிக்கும் நம் பழைய பாட்டு மரபில் உரோமாவளி என்று ஒன்று உண்டு, மயிரொழுங்கு என்றும் சொல்வார்கள். கொப்பூழிலிருந்து மேலே ஓடும் மெல்லிய கரிய முடிவரிசை. விழிக்கும் இடைக்கும் உவமை சொல்லும் அதே கவிஞர்கள் இதற்கும் உவமை தேடியிருக்கிறார்கள், தெய்வப் பெண்ணைப் பாடும்போதும்கூட விட்டுவிடவில்லை. இன்று என் கிளினிக்கில் கல்லூரிப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "டாக்டர், இதையும் எடுத்துடலாமா?" என்று கேட்பது அதே வரிசையைத்தான். இதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எடுப்பதில் தவறில்லை, ஆனால் தன் உடம்பில் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டு எடுக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடந்த 150 வருடத்தில் மேற்கிலிருந்து வந்தது. 1871ல் டார்வின், மனித உடம்பில் முடி குறைந்ததற்குத் துணையைத் தேர்ந்தெடுக்கும் விருப்பமும் காரணம் என்று எழுதினார். அதற்குப் பிறகு அங்கே மருத்துவர்கள் பெண்ணின் முகமுடியை நோயாகவும், சிலர் மனநோயின் அடையாளமாகவும் எழுத ஆரம்பித்தார்கள். ஆனாலும் அமெரிக்கப் பெண்கள் அக்குளையும் காலையும் மழிக்கவில்லை, நீண்ட உடைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? 1910களில் கையில்லாத உடை வந்தது. 1915ல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று தனி ரேஸர் கொண்டுவந்தது. அதுவரை ஆண்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்த பொருளுக்குப் புதிய வாடிக்கையாளர்களைத் தேடினார்கள். அக்குள் முடி அருவருப்பு என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டன. அப்புறம் பாவாடை முழங்காலுக்கு ஏறியபோது கால் முடியும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரில் நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டதால் காலுறை கிடைக்கவில்லை, வெறும் காலை மழிப்பது வழக்கமாகவே நிலைத்துவிட்டது. அக்காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் எடுத்த போட்டோக்களைப் பாருங்கள். கண்டாங்கிச் சேலையை ரவிக்கையில்லாமல் கட்டிய ஆச்சிமார் கையைத் தொடையில் ஊன்றி நேராகக் காமிராவைப் பார்க்கிறார்கள். கை முழுவதும் திறந்துதான் இருக்கிறது.

இதைச் சொல்வதால் பழைய காலம் பெண்ணை விட்டுவைத்தது என்று நினைக்க வேண்டாம். நிறம், காது, கூந்தல் நீளம், நகை, எல்லாவற்றையும் அளந்துதான் பெண் எடுத்தார்கள். உங்கள் மாமியார் சொல்லும் மஞ்சளும் குப்பைமேனியும் கோரைக்கிழங்கும் எதற்கு? முகமுடியைக் குறைக்கத்தான். ஆகவே "எங்க காலத்துல இதெல்லாம் இல்லை" என்பதும் முழு உண்மையில்லை. கருவி மாறியிருக்கிறது, அளவுகோல் கடுமையாகியிருக்கிறது. இன்று கல்யாண வீடியோ காமிரா, எந்தக் கண்ணாடியும் காட்டாத பூனைமுடியைப் பெரிய திரையில் காட்டுகிறது. மேக்கப் போடுபவர் அதைக் குறையாகச் சொல்கிறார், குறையைச் சரிசெய்யும் பேக்கேஜும் அவரிடமே இருக்கிறது.

"நிரந்தரமாக, வலியில்லாமல், சீக்கிரமாக" என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இரண்டு பழைய விஷயங்கள். எக்ஸ்ரே கண்டுபிடித்த மறு வருடமே, 1896ல், வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் ஒரு சிறுமியின் முதுகு முடியை அதைக் கொண்டு உதிரவைத்தார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் ட்ரிகோ என்ற எக்ஸ்ரே கருவியை வைத்து ஆயிரக்கணக்கான பெண்களின் மேலுதடு, தாடை முடியை எடுத்தார்கள். வலி இல்லை, வாசனை இல்லை, முடி உதிர்ந்தது. சில வருடங்கள் கழித்துத் தோல் சுருங்கியது, ஆறாத புண் வந்தது, பலருக்குப் புற்றுநோய் வந்தது. இன்னொன்று கோரெம்லு என்ற களிம்பு. அதில் இருந்தது தாலியம் அசிட்டேட், எலி விஷத்தில் போடுவது. முகமுடிக்குப் பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொட்டி, கால் மரத்து, நடக்க முடியாமல் போனது. வழக்குகள் குவிந்து 1932ல் அந்த நிறுவனம் திவாலானது. அந்தப் பெண்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. கூச்சத்தால் மருத்துவரிடம் போகாமல், கூச்சத்தைக் காசாக்கியவர்களிடம் போனார்கள்.

இன்றைய லேசர் அப்படிப்பட்டதில்லை, சரியான கையில் அது நல்ல கருவி. ஆனால் அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் பேரம் பேச முடியும். முடியில் இருக்கும் கறுப்பு நிறமி ஒளியை இழுத்துச் சூடாகி வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே நிறமி நிறைய இருக்கிறது. தவறான கருவியோ அளவோ வைத்தால் தோலும் சுட்டுக் கொப்பளிக்கும், மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது, டயோடு லேசரையும் கவனமாகப் பயன்படுத்தலாம். என்ன கருவி என்று கேளுங்கள், யார் செய்வார்கள் என்று கேளுங்கள், காதோரம் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கன்னத்திலும் கையிலும் இருக்கும் மெல்லிய பூனைமுடிக்கு லேசர் பெரிதாகப் பயன்படாது. முகத்தில் சிலருக்கு நேர்மாறாக, இருந்த பூனைமுடி தடித்து வளர்ந்துவிடும். உடம்பு முழுவதற்கும் என்று மொத்தமாக விற்கும் பேக்கேஜை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். தாடையில் கறுத்துத் தடித்த முடி இருந்தால், ஹார்மோனைப் பார்த்த பிறகு, அந்த இடத்துக்கு மட்டும் செய்யலாம். கல்யாணத்துக்குப் பிறகு தொடரவும் செய்யலாம்.

தைக்கு என்ன செய்வது? மகள் விரும்பினால் மேலுதட்டுக்கும் தாடைக்கும் த்ரெடிங் போதும். ஆனால் கல்யாண வாரத்தில் முதல் முறையாகச் செய்யவே கூடாது. சிலருக்கு மறுநாள் பொரிப்பொரியாக வரும், அது ஆறினாலும் கறுப்புத் தடம் விட்டுப்போகலாம். இந்த மாதமே ஒரு முறை செய்து தோல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒத்துக்கொண்டால் கடைசி முறையை முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நூல் புதிதாக இருக்கட்டும், செய்பவர் கை கழுவட்டும். லேசர் செய்வதாக முடிவானால் அதற்கு முந்தைய நான்கு வாரம் நூலும் வேக்ஸும் வேண்டாம், வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் பிடிக்கும். கைக்கு வேக்ஸோ ரேஸரோ, அவள் இஷ்டம். மழித்தால் தடித்து வளரும் என்று பயப்பட வேண்டாம். 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அளந்து பார்த்து அப்படியில்லை என்று எழுதிவிட்டார். இயல்பான முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டியதன் நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரக்கிறது.

மாமியாரின் குப்பைமேனி, மஞ்சள் பூச்சு தோலுக்கு ஒத்துக்கொண்டால் தடையில்லை. தேய்க்கும்போது மெல்லிய முடி கொஞ்சம் உதிரும், மஞ்சள் நிறத்தில் மீதி கண்ணில் படாது, வேர் போகாது. அரிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதாத முடி நீக்கும் பொடியை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

இவ்வளவும் "மகள் விரும்பினால்". உங்கள் கடிதத்தில் அயித்தை பேசியிருக்கிறார், பார்லர் பேசியிருக்கிறது, மாமியார் பேசியிருக்கிறார், நீங்கள் பேசியிருக்கிறீர்கள். யாருடைய முகமோ அவள் பேசவில்லை. அவளுக்கு அந்த முடி நெடுநாளாகத் தொந்தரவாக இருந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்திருக்கலாம். அல்லது இதுவரை ஒரு பொருட்டாகவே இல்லாமல், அன்று வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) காதில் விழுந்த பேச்சால் கூசியிருக்கலாம். இரண்டுக்கும் நான் சொல்லும் வழி வேறு வேறு. சமையல்கட்டில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் கேளுங்கள். "எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி, நான் உன் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விடுங்கள், வாதாட வேண்டாம்.

அயித்தையிடம், "டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம், அவ உடம்புக்கு எது நல்லதோ அதைப் பண்றோம்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். தைக்குள் முடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இன்று முகமுடிக்கு வாக்குக் கொடுத்தால், நாளை எடைக்கும் நிறத்துக்கும் கேட்பார்கள். மாப்பிள்ளைக்கு இந்தப் பேச்சு தெரியுமா என்பதை மகளே அவரிடம் போனில் கேட்கட்டும். அவர் பதிலிலிருந்து அவளுக்கு நிறையப் புரியும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை அவளையே ஒரு தாளில் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் அவள் மட்டும் உள்ளே இருக்கட்டும், நீங்கள் பிறகு வாருங்கள். த்ரெடிங்கோ வேக்ஸோ செய்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வர வேண்டாம், முடி இருந்தால்தான் மதிப்பெண் போட முடியும். பேக்கேஜுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை முதல் சிட்டிங்குக்குத் தேதி வாங்காதீர்கள்.